மூன்று போர்வை, படுக்க இடமில்லை: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியில் வீடற்ற வெளியூர்க்காரர்களுக்காகச் சேர்ந்து வேலை செய்வது எப்படி?

ஒரு தை மாதக் குளிரில், ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே மூடிக்கிடந்த கடையின் படிக்கட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தோளில் ஒரு போர்வை, மடியில் ஒன்று, கால்மாட்டில் உறை பிரிக்காமல் இன்னொன்று. மூன்றும் புதுசு. இடது கையில் அழுக்கேறிய கட்டு. பக்கத்தில் மூடி போட்ட பெயிண்ட் பக்கெட். துணி, சோப்பு, ஊர் ரேஷன் கார்டின் நகல் எல்லாம் அதற்குள்தான். ஒடிசாக்காரர். பிரஸ் மெஷினில் விரல் மாட்டிக்கொண்டது, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், அன்று மாலையே கான்ட்ராக்டரின் ஆள் அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.

அந்த மூன்று போர்வையில் ஒன்று நாங்கள் கொடுத்தது. இரண்டு நாள் முன்பு கொடுத்துவிட்டு, டீ வாங்கித் தந்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு வந்திருந்தோம். மற்ற இரண்டும் வேறு இரண்டு அமைப்புகள் கொடுத்தவை. 'மற்றதை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று மூன்று பேருமே நினைத்திருக்கிறோம். ராத்திரி எங்கே படுக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு. சின்ன டிரஸ்ட் வைத்திருப்பவர், கோயில் அன்னதானக் குழுவில் இருப்பவர், ஜமாத் இளைஞர், சர்ச் குழு, கல்லூரி என்.எஸ்.எஸ். மாணவர், தொழிற்சங்கத்துக்காரர், யாராக இருந்தாலும் சரி. எங்கள் பக்கம் ஆள்களுக்கும் போர்வைக்கும் பஞ்சமில்லை. ஒரு அமைப்பின் கையிலிருந்து இன்னொன்றின் கைக்குப் போகும் இடத்தில்தான் மனிதர்கள் தொலைந்து போகிறார்கள். அந்த இடத்தை அடைப்பது எப்படி என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ராத்திரியில் நடந்து பாருங்கள்

கூட்டம் போடுவதற்கு முன் இரண்டு வாரம் நடந்து பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு ஒரு சுற்று, விடிகாலை நாலரைக்கு ஒரு சுற்று. ஓசூரில் பேருந்து நிலையம், ரயில் நிலையம், நெடுஞ்சாலை மேம்பாலத்தின் அடி, மூக்கண்டப்பள்ளி சிப்காட் பக்கத்துக் கடை வராந்தாக்கள். கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் கிடையாது, ஆகவே அங்கே பேருந்து நிலையமும் டோல்கேட் பக்கமும். தருமபுரியில் பேருந்து நிலையத்தோடு மொரப்பூர் ரயில் நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து வருகிறவர்களில் பலர் பெங்களூரு வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்து பிடித்து ஓசூரில் இறங்குவார்கள். சேரவேண்டிய மேஸ்திரியின் போன் ஸ்விட்ச் ஆஃப் என்றால் முதல் ராத்திரி பேருந்து நிலையத்தில்தான்.

இரவுச் சுற்றில் காண்பவர்கள் எல்லோரும் வீடற்றவர்கள் இல்லை. பேருந்துக்குக் காத்திருப்பவர்களும் படுத்திருப்பார்கள். நாலரை மணிக்கும் அதே இடத்தில் இருப்பவர்தான் நம் ஆள். கால்களைப் பாருங்கள். சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டே தூங்குகிறார் என்றால் ஏதோ ஒரு தொழிற்சாலையிலிருந்து அண்மையில் வெளியேறியவர். ஷூவைக் கழற்றினால் காலையில் இருக்காது என்பது அவருக்குத் தெரியும். கழுத்திலோ பையிலோ கான்ட்ராக்டர் கொடுத்த அடையாள அட்டை இன்னும் இருக்கக்கூடும். அதை அப்போதே ஒரு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அவருடைய போனிலேயே. பின்னால் சம்பள பாக்கி கேட்கும்போது அந்த அட்டைதான் சாட்சி.

எழுப்பும் விதம் முக்கியம். டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள். தலைமாட்டில் நிற்காதீர்கள், கால் பக்கம் உட்கார்ந்து பேசுங்கள். 'வடக்கன்' என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பையா என்றாலும் சரி, அண்ணா என்றாலும் சரி, திரும்பிப் பார்ப்பார்கள். இந்தி தெரியாவிட்டால் பரவாயில்லை. 'கம்ரா' என்றால் அறை, 'டேக்கேதார்' என்றால் கான்ட்ராக்டர். "கம்ரா பந்த்" என்று ஒருவர் சொன்னால் கதை பாதி புரிந்துவிடும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் கலந்து பேசும் ஊர் இது. சைகையோடு பேசுவது நமக்குப் புதிதா என்ன?

யார் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லோருக்கும் ஒரே மருந்து கிடையாது. எங்கள் நோட்டில் நான்கு வகை இருக்கிறது.

வேலையோடு சேர்த்துக் கூரையை இழந்தவர்கள்தான் அதிகம். சிப்காட் பக்கத்தில் பெரும்பாலான வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு அறை கான்ட்ராக்டர் வழியாகத்தான் வருகிறது. தகர ஷெட்டோ, லைன் வீடோ. பகல் ஷிப்ட் ஆள் எழுந்து போனதும் இரவு ஷிப்ட் ஆள் அதே பாயில் படுக்கிற அறைகளைப் பார்த்திருக்கிறேன். வேலை நின்றால் அன்றே பாயும் போய்விடும். பிரிட்டனில் புகலிடம் கேட்டு வந்தவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்ததும், அரசு கொடுத்த அறையைக் காலி செய்ய நெடுங்காலமாக 28 நாள்தான் கெடு. நல்ல செய்தி வந்த மாதமே தெருவுக்கு வந்தவர்கள் அங்கே உண்டு. புகலிடம் தேடி வந்து தெருவில் நிற்பவர்களுக்காக அங்குள்ள தொண்டு அமைப்புகள் 'நேக்கம்' என்ற பெயரில் ஒரு வலையமைப்பாகச் சேர்ந்து, அறை உள்ள குடும்பங்களையும் விடுதிகளையும் தேடித் தருகின்றன. நம் ஊரில் 28 மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. ஆனால் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. எந்த நாளில் கூரை போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அந்த நாளுக்கு முன்பே வேலை செய்யலாம். சிப்காட்டில் ஆள்குறைப்புப் பேச்சு அடிபடும்போதே எங்கள் தொழிற்சங்க நண்பர் ஒரு போன் அடித்துவிடுவார்.

இரண்டாவது வகை, கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே தார்ப்பாய்க்குள் குடும்பத்தோடு இருப்பவர்கள். வேலையிடத்திலோ அருகிலோ இலவசத் தற்காலிகத் தங்குமிடம், சமைக்கவும் குளிக்கவும் தனி இடம் எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்று கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது; 2025 நவம்பரில் அது புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. இவர்களுக்குப் போர்வை கொடுப்பதைவிட பில்டரிடம் இதைச் சொல்வது பயன் தரும்.

மூன்றாவது, இலங்கைத் தமிழர்களும் பிற நாட்டு அகதிகளும். இவர்களைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன். நான்காவது, நெடுஞ்சாலையில் லாரிகள் இறக்கிவிட்டுப் போன, மனநலம் குன்றிய ஆள்கள். இவர்கள் விஷயத்தில் நீங்களே எதுவும் செய்ய வேண்டாம். 2017 மனநலச் சட்டப்படி இப்படி அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல்துறையின் கடமை. 112ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை கூட நில்லுங்கள். கிளம்பிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

ஒரே தாளில் எல்லோரையும் எழுதுங்கள்

இனித்தான் கூட்டம். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் கூப்பிடுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "இன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஆள் வந்து நின்றால் உங்களால் என்ன முடியும்?" 'சமூக சேவை செய்கிறோம்' என்பது பதில் ஆகாது. 'இரண்டு பேருக்குச் சாப்பாடு', 'ஒரு ஆட்டோ', 'ஒடியா பேசும் ஆள்', 'காலை ஒன்பதுக்கு மேல் வக்கீல்' என்பவைதான் பதில்.

எங்கள் முதல் கூட்டத்தில் பதினொரு அமைப்புகள் வந்தன. ஒன்பது பேர் உணவு என்றார்கள். படுக்கை என்று சொன்னவர் ஒருவர், அதுவும் ஆண்களுக்கு மட்டும். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஆள் இல்லை. அந்தத் தாளைப் பார்த்ததும் அறையில் ஒரு சத்தமும் இல்லை. உணவுக் குழுக்களில் இரண்டு அப்போதே வேலையை மாற்றிக்கொண்டன. ஒன்று ஆஸ்பத்திரித் துணைக்குப் போனது. இன்னொன்று, எங்களுக்கே ஆச்சரியம், துணி துவைக்கும் மெஷின் வாங்கிப் போட்டது. வேலை கேட்டுப் போகிறவனுக்குத் துவைத்த சட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்று அதற்குப் பிறகுதான் புரிந்தது.

பேனர் சண்டை கட்டாயம் வரும். யார் பெயர் மேலே, யார் லோகோ பெரிது. எங்கள் ஏற்பாடு: இரவு வேலைக்குப் பேனர் கிடையாது, டீ-சர்ட் கிடையாது. பகல் நிகழ்ச்சிக்கு யார் எவ்வளவு பெரிய பேனர் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும். இதை ஏற்காத அமைப்பைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவர்கள் தனியாகப் போர்வை கொடுக்கட்டும், நம் நோட்டில் மட்டும் எழுதச் சொன்னால் போதும்.

ஒரு போன், ஒரு நோட்டு, ஒப்படைக்கும் விதி

கூட்டு வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஒரே ஒரு போன் எண். வாரத்துக்கு ஒரு அமைப்பு அந்தப் போனை வைத்திருக்கும். வாட்ஸ்அப் குழு வேறு, இந்தப் போன் வேறு. குழுவில் 'பேருந்து நிலையத்தில் ஒருவர் இருக்கிறார்' என்று ஒருவர் போட, நாற்பது பேர் கைகூப்பும் படத்தைப் போட, யாரும் போகாமல் விடிந்த ராத்திரிகள் எங்களுக்கும் உண்டு.

நோட்டு என்றால் நிஜமாகவே கோடு போட்ட நோட்டுதான். ஐந்து கட்டம்: தேதி, ஆளின் பெயர் (அவர் சொல்லும் பெயர் போதும்), இன்றைக்கு என்ன தேவை, இப்போது யார் பொறுப்பு, அடுத்து யாரிடம். நான்காவது கட்டம் ஒருநாளும் காலியாக இருக்கக் கூடாது.

ஒப்படைக்கும் விதி இது: அடுத்தவர் நேரில் வந்து ஆளைப் பார்க்கும் வரை முதல் ஆள் கிளம்பக் கூடாது. 'அட்ரஸ் கொடுத்து அனுப்பிவிட்டேன்' என்பது ஒப்படைப்பு இல்லை. ஊர் தெரியாத, எழுத்துப் படிக்க முடியாத, நாலு நாளாகத் தூங்காத ஒரு மனிதர் கையில் துண்டுச் சீட்டைக் கொடுத்து மூன்று கிலோமீட்டர் போகச் சொல்வதும், சொல்லாமல் விடுவதும் ஒன்றுதான். ஆட்டோவில் கூட ஏறிப் போங்கள். தங்குமிடப் பொறுப்பாளர் வாசலுக்கு வந்து, "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட பிறகு உங்கள் வேலை முடிந்தது. அதை எழுதிவிட்டுப் போய்த் தூங்குங்கள்.

இன்றைய ராத்திரிக்குக் கூரை

நகராட்சி, மாநகராட்சிகளில் வீடற்றோர் தங்கும் விடுதி என்று ஒன்று இருக்க வேண்டும். ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் நிரந்தர விடுதி, ஓர் ஆளுக்கு 50 சதுர அடி என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டி நெறிகளில் இருந்த அளவு. ஓசூர் 2019இல் மாநகராட்சியானது, மக்கள்தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டிய ஊர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கோடு ஆணையரைப் போய்ப் பாருங்கள். ஒரு டிரஸ்ட் தனியாகப் போனால் மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பத்து அமைப்புகள் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு, இரண்டு வாரச் சுற்றில் எண்ணிய ஆள்களின் எண்ணிக்கையையும் இணைத்துக் கொடுத்தால் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள்.

விடுதியில் 'ஆதார் இருக்கா' என்ற கேள்வி வரும். ஒரு தங்குமிடத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆதார் இல்லை என்று ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவருடைய ஆதார், சம்பள பாக்கிக்குப் பதிலாக மேஸ்திரியிடம் மாட்டியிருந்தது. நான் வாசலில் நின்று கத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. கத்தியது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. காவலாளி தன் வேலைக்குப் பயந்தவர், பாவம். இப்போது பகலிலேயே பொறுப்பாளரோடு பேசி, 'இந்தக் கூட்டமைப்பு அனுப்பும் ஆளை ஒரு சீட்டின் பேரில் மூன்று நாள் வைத்துக்கொள்வோம்' என்று எழுதி வாங்கியிருக்கிறோம். அந்தச் சீட்டு எங்கள் எல்லோர் பையிலும் இருக்கும்.

பெண்கள், குழந்தைகள் என்றால் உங்கள் வீட்டிலோ டிரஸ்ட் அலுவலகத்திலோ தங்க வைக்காதீர்கள், மனசு எவ்வளவு கேட்டாலும். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதியோ இல்லமோ நடத்த 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். பெண்களுக்கு 181, தனியாக இருக்கும் குழந்தைக்கு 1098. மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பெண்கள் ஐந்து நாள் வரை தங்கலாம். குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்தியாக வேண்டும். வெளிநாட்டவரை எங்கே தங்க வைத்தாலும், 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். நல்லது செய்யப் போய் அந்த மனிதரையே சிக்கலில் மாட்டிவிட்டதாக ஆகிவிடக் கூடாது.

அடுத்த மூன்று நாள்

படுக்க இடம் கிடைத்ததும் பலர் அதோடு விட்டுவிடுவார்கள். அந்த மூன்று நாளில்தான் ஆள் திரும்பத் தெருவுக்குப் போவாரா, அறைக்குப் போவாரா என்பது முடிவாகிறது.

முதல் நாள் உடம்பு. காயம் இருந்தால் அரசு மருத்துவமனை, கூடவே ஆள். அங்கே காத்திருக்கும் நேரத்தில் ஒன்றைக் கேளுங்கள்: சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தார்களா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, அவரவர்க்கு ஒரு ஐ.பி. எண் (காப்பீட்டு எண்) இருக்கும். வேலையில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். படிக்கட்டில் மூன்று போர்வையோடு இருந்த அந்த ஒடிசாக்காரருக்கு ஐ.பி. எண் இருந்தது. போனில் பழைய குறுஞ்செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனால் கீழே, ரீசார்ஜ் விளம்பரங்களுக்கு நடுவில், எட்டு மாதம் முன்பு வந்தது கிடந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அவர் திறந்தே பார்க்கவில்லை. அந்த ஒரு எண்ணை வைத்து அவருக்குச் சிகிச்சையும் பணமும் கிடைத்தது, அந்தப் பணத்தில் அறையும் கிடைத்தது. ஆக, போர்வைக்கு முன்னால் போனைக் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் சம்பளம். வேலையை விட்டு நீக்கினாலும், தானே விலகினாலும், இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஊதியத் தொகுப்புச் சட்டம் சொல்கிறது. முதலில் ஒரு போன். மரியாதையாக, "சார், உங்க ஆள் எங்களோட இருக்கார், கணக்கு முடிச்சுக் கொடுத்துடுங்க" என்றால் போதும், பாதிப் பேர் கொடுத்துவிடுவார்கள். 'இவருக்கு ஆள் இருக்கிறது' என்று தெரிவதுதான் காரணம். மசியாதவர்களுக்குத் தொழிலாளர் துறையில் மனு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, அழைக்க 15100. பழைய தொழிலாளர் சட்டங்கள் பல 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புச் சட்டங்களுக்குள் வந்துவிட்டன. இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரி மனுவை அப்படியே நகல் எடுக்காமல், பிரிவு எண்ணை அந்த வக்கீலிடம் கேட்டு எழுதுங்கள்.

மூன்றாம் நாள் காகிதங்கள். ஊர் ரேஷன் கார்டில் பெயர் இருந்தால் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் இங்கே உள்ள கடையிலேயே அரிசி, கோதுமை வாங்கலாம். தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே இதில் சேர்ந்துவிட்டது. ஊரில் இருக்கும் குடும்பத்தின் பங்கு அவர்களுக்கு அங்கேயே கிடைக்கும், இவர் தன் பங்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் சண்டை வேண்டாம், வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். செங்கல், சிமெண்ட் வேலை பார்த்தவர்களுக்குக் கைரேகை தேய்ந்து மெஷினில் விழாது. முந்தின ராத்திரி விரலில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வோம், சில நேரம் விழும்.

'டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடலாமே' என்று யாராவது சொல்வார்கள். போகிறேன் என்று அவரே சொன்னால் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் கடனை அடைக்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால், அடுத்த மாதமே வேறொரு மேஸ்திரியோடு வேறொரு தகர ஷெட்டுக்கு வந்து நிற்பார். நம் தருமபுரிக்காரர்களும் கிருஷ்ணகிரிக்காரர்களும் காலங்காலமாக பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள்தான். பாலத்தடியில் படுத்த கதை இல்லாத தெரு நம்மிடம் கிடையாது. அங்கே நம் ஆளைப் பார்த்து 'ஊருக்குப் போ' என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்?

அறை பிடித்துக் கொடுப்பது

ஒருவருக்கு அறை கிடைப்பது கஷ்டம், மூன்று பேருக்குச் சுலபம். ஒரே மாவட்டத்துக்காரர்கள் மூன்று பேரைச் சேர்த்து வையுங்கள், சமையல் தகராறு குறையும். வீட்டுக்காரருக்கு இரண்டு பயம்: வாடகை வராது, போலீஸ் வரும். அட்வான்சைக் கூட்டமைப்பு நேரடியாக வீட்டுக்காரரிடம் கொடுத்து ரசீது வாங்குவது முதல் பயத்துக்கு. ஆள்களின் விவரத்தை நாமே காவல் நிலையத்தில் கொடுத்துவிடுவது இரண்டாவதுக்கு. அட்வான்சை இனாமாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி, எங்கள் குழுவிலேயே இதை ஏற்காதவர்கள் உண்டு. வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தால், வாங்குகிறவர் தலை குனியாமல் வாங்குகிறார். அந்தப் பணம் திரும்பி வந்து அடுத்தவருக்குப் போகிறது. எல்லாம் திரும்பி வராது, சரி.

இலங்கைத் தமிழர்களும் மற்ற அகதிகளும்

இங்கே வேறு கதை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே யார் எந்தப் பதிவில் இருக்கிறார் என்பதை வைத்துத்தான் எல்லாம்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் அணைக்கட்டுகளை ஒட்டி இருக்கின்றன. பாம்பாறு, நாகாவதி, தொப்பையாறு என்று அணைப் பெயரே முகாமுக்கும் பெயர். 2021இல் தமிழ்நாடு அரசு இவற்றை 'மறுவாழ்வு முகாம்' என்று அழைக்கத் தொடங்கியது. 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தில் மாநிலம் முழுவதும் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. மாதப் பணக்கொடையும் உயர்ந்து, குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று ஆனது. முகாம்களுக்குள் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984இலிருந்து வேலை செய்கிறது, ஜேசு சபையின் அகதிகள் பணியும் இருக்கிறது. ஆகவே முகாம்காரர் ஒருவரை ராத்திரியில் பார்த்தால் நீங்களாக எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம். இவர்களில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். முகாம் ஆண்களில் பலர் பெயிண்டிங் வேலைக்கு வெளியூர் போகிறவர்கள். வேலை முடித்துப் பேருந்தைத் தவறவிட்டவரையும், கல்யாணம் ஆகிக் குடும்பம் பெருத்து ஒரே அறையில் இடமில்லாமல் வெளியே வந்தவரையும் ஒன்றாக எழுதாதீர்கள். முதலாமவருக்குப் பேருந்துக் காசு, இரண்டாமவருக்கு மறுவாழ்வுத் துறைக்கு மனு.

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தனுஷ்கோடிக் கரையில் இறங்கியவர்களை மண்டபம் முகாமில்தான் தங்க வைத்தார்கள். அப்படிப் புதிதாக வந்தவர் யாராவது நம் ஊரில் தட்டுப்பட்டால் ஒளித்து வைக்காதீர்கள். சட்ட உதவியோடு உரிய அதிகாரிகளிடம் கொண்டுபோவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. ஆப்கானிஸ்தான், மியான்மர் போன்ற நாடுகளைச் சேர்ந்தவர் என்றால் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இவர்களைப் பற்றிய குறிப்பு பொது நோட்டில் வேண்டாம், தனி நோட்டு, பூட்டிய அலமாரி.

பணம், போட்டோ, வதந்தி

பணத்தை ஒரே கணக்கில் போட்டுக் குலுக்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்பு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் இதில் கறார். செலவைப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள்: வாடகை ஒருவர், ஆட்டோ ஒருவர், மருந்து ஒருவர். பில் அவரவர் பெயரில்.

போட்டோ விஷயத்தில் எங்களுக்கே தாமதமாகத்தான் புத்தி வந்தது. நாங்கள் போட்ட படத்தைப் பார்த்து ஊரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மகன் கம்பெனியில் நல்ல வேலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவர். அதற்குப் பிறகு முகம் தெரியும் படம் கிடையாது.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்து ஊருக்குக் கிளம்பியவர்கள் உண்டு. அப்படி ஒரு நாள் வந்தால் மறுப்பு அறிக்கை போதாது. அவர்கள் மொழி பேசும் ஆள் லைன் வீடுகளுக்கு நேரில் போய்த் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். அந்த ஆளை இப்போதே பார்த்து வையுங்கள். எங்களுக்கு அது, முன்பு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்தான். இப்போது வேறொரு கம்பெனியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருவார்.

மாதக் கூட்டம்

மாதம் ஒருமுறை நோட்டோடு கூடுங்கள். அறிக்கை வாசிக்க வேண்டாம். ஐந்தாவது கட்டம் காலியாக நின்ற பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, 'இவரை எந்த இடத்தில் விட்டோம்' என்று பேசுங்கள். யாரையும் குற்றவாளி ஆக்காமல் பேச முதல் மூன்று கூட்டம் தடுமாறும், நாலாவதில் பழகிவிடும். எங்கள் கூட்டம் இரவு எட்டரைக்கு. பள்ளிவாசல்காரர்கள் தொழுகை முடித்து வர, அன்னதானக் குழு பாத்திரம் கழுவி முடித்து வர, அதுதான் தோதான நேரம். ஒன்பதரைக்கு முடித்துவிடுவோம், பதினொரு மணிக்குப் பேருந்து நிலையச் சுற்று இருக்கிறது.